11 மாதக் குழந்தை, 4 பற்கள்: பல் மருத்துவரிடம் இப்போதே போக வேண்டுமா?

சின்னவனின் அம்மா

என் மகனுக்கு 11 மாதம் ஆகிறது. கீழே இரண்டு, மேலே இரண்டு என மொத்தம் 4 பற்கள். கீழ்ப் பற்கள் 7ஆம் மாதத்தில் எட்டிப் பார்த்தன. மேல் பற்கள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போன வாரம் எடை பார்க்கப் போனபோது, எல்லாம் முடிந்து நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் குழந்தை நல மருத்துவர், "பல் மருத்துவரிடம் காட்டிவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஒரு வயது முடிவதற்குள் ஒரு முறை காட்டிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையை உள்ளே அழைத்துவிட்டார்.

வீட்டில் யாருக்கும் இது ஒப்பவில்லை. "விழுந்து முளைக்கப் போகிற பல்லுக்கு என்ன வைத்தியம்?" என்று என் மாமியார் கேட்டார். அவர் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். ஒருவரையும் அந்த வயதில் பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனதில்லை. "சொன்னால் புரிந்துகொள்கிற வயது வரட்டும், மூன்று வயதில் போகலாம்" என்கிறார் கணவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆனாலும் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

நான்கு நாட்களுக்கு முன்பு ஈரத்துணியால் அவன் வாயைத் துடைக்கும்போது மேலுதடு தூக்கிக்கொண்டது. மேல் பற்கள் இரண்டிலும் ஈறை ஒட்டி, சுண்ணாம்பில் வரைந்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு. பால் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் துடைத்தேன். போகவில்லை. மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், அங்கேயேதான் இருந்தது. இரவில் அவன் இரண்டு மூன்று முறை எழுந்து தாய்ப்பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான். அதனால் வந்ததோ என்று ஒரு குற்ற உணர்ச்சி. அங்கே போய்ச் சொன்னால் பால் கொடுப்பதையே நிறுத்தச் சொல்வார்களோ என்று ஒரு பயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழு வயதில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் கிராம்புத் தைலத்தின் வாசனை வந்தால் என் உள்ளங்கை வேர்க்கிறது. அந்த நாற்காலியில் என் மகனைப் படுக்க வைத்து யாரோ பிடித்துக்கொள்வதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ஒரு வயதுகூட ஆகாத குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். உள்ளே என்னதான் செய்வார்கள்? யார் பிடித்துக்கொள்வார்கள்? ஊசி, எக்ஸ்ரே எல்லாம் உண்டா? அந்த வெள்ளைக் கோட்டுக்காகவாவது போகத்தான் வேண்டுமா, அல்லது நான் வீணாகப் பதறுகிறேனா?

இரண்டு பிள்ளைகளின் தாய்

வீணாகப் பதறவில்லை, சகோதரி. அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் என்னவென்று தெரியாமல் விட்டவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் மூத்த மகளுக்கு இப்போது 6 வயது. அவளுக்கு ஒன்றே கால் வயதில் இதே இடத்தில் இதே போல வெள்ளையாக இருந்தது. பல் இப்படித்தான் முளைக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். புட்டியை எடுத்தால் விழித்துக்கொள்வாள் என்பதால் அப்படியே விட்டுவிடுவேன். ஒன்றரை வயதில் அந்த வெள்ளை, பழுப்பு மஞ்சளானது. இரண்டு வயதில் அரித்ததுபோல ஒரு பள்ளம். அப்போதும் "பால் பல்தானே" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அதைத்தான் சொன்னேன். ஒருநாள் எதையோ கடித்தவள் கையை வாய்க்குள் விட்டு ஒரு சின்னத் துணுக்கை எடுத்து என்னிடம் நீட்டினாள். அது அவளுடைய பல்லின் முனை.

இரண்டரை வயதில் ஈறில் சீழ்க் கொப்புளம் வந்து, இரவெல்லாம் அழுது, காலையில்தான் முதன்முதலாகப் பல் மருத்துவரிடம் போனோம். அவளுக்கு அந்த இடத்தின் முதல் அறிமுகமே வலியோடுதான். வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். வெள்ளை மேல்சட்டையைப் பார்த்தாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கடைசியில் முழு மயக்கம் கொடுத்துத்தான் சிகிச்சை செய்ய முடிந்தது. இரண்டு பற்களை எடுத்துவிட்டார்கள், மற்ற இரண்டை அடைத்துக் காப்பாற்றினார்கள். மயக்கம் தெளிந்து எழுந்தபோது அவள் நாக்கால் அந்த வெற்றிடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் மாமியார் கேட்ட அதே கேள்வியை நான் அந்த மருத்துவரிடம் கேட்டேன். எப்படியும் விழுகிற பல்தானே என்று. அவர் ஒரு படத்தைக் காட்டினார். முன்பற்கள் 6, 7 வயதில் விழும், சரி. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவற்றை வைத்துத்தான் குழந்தை அத்தனை வருடம் மென்று தின்னும். அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். முன்கூட்டியே ஒன்று போனால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துவிடும். பால் பல்லின் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேல்பூச்சு, மெல்லியது என்பதால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கும் என்றும் சொன்னார். இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன் தெரியுமா?

இரண்டாமவனை 10ஆம் மாதத்திலேயே தூக்கிக்கொண்டு போனேன். அவன் அழுதது ஒரு நிமிடம் இருக்கும். இப்போது மூன்று வயது, அந்தப் படியில் தானே ஏறி உள்ளே ஓடுகிறான். அக்கா மட்டும் இன்னும் என் கையை விடுவதில்லை. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே மருத்துவர். ஒருத்தியை வலி வந்த பிறகு கூட்டிப் போனேன், ஒருவனை வலி என்றால் என்னவென்று தெரியும் முன்பே கூட்டிப் போனேன். வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தயவுசெய்து போங்கள். இந்த வாரமே போங்கள்.

ஒரு வயது மகளின் அப்பா

எங்கள் அனுபவம் கொஞ்சம் வேறு. முதலில் போன இடத்தில் குழந்தையைப் பார்க்கவே இல்லை, "மூன்று வயதுக்குப் பிறகு வாருங்கள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தூங்கிய குழந்தையை எழுப்பிக் கிளப்பிக்கொண்டு போனது வீண். அதனால் கிளம்பும் முன் தொலைபேசியில், "ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பார்ப்பீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கான பல் மருத்துவர் என்று தனிப் படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் இந்தச் சங்கடமே இல்லை.

நேரம் ரொம்ப முக்கியம். குழந்தை தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். பசியோடும் போக வேண்டாம், வயிறு முட்டப் பால் கொடுத்த உடனேயும் போக வேண்டாம். வாய்க்குள் விரல் போனதும் எங்கள் மகள் குடித்ததை எல்லாம் கக்கிவிட்டாள். மாற்று உடை ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு என்று எடுத்துப் போயிருக்கலாம்.

கொடுத்துவரும் மருந்துகளின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தால் எங்கள் மகளின் பற்கள் கறுத்திருந்தன. சொத்தை என்று பயந்து போயிருந்தோம். அது மேலே படிந்த கறைதான், துடைத்துச் சுத்தம் செய்தால் போய்விடும் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. மகளுக்கு அடுத்த பற்கள் வருகின்றன, ஈறு வீங்கி ஓயாமல் அழுகிறாள். கடையில் ஈறில் தடவும் ஜெல் ஒன்றைக் கொடுத்தார்கள். இன்னும் தடவவில்லை. தடவலாமா?

குழந்தைப் பல் மருத்துவர்

நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவராகப் பணிபுரிகிறேன். எழுத்தை வைத்து நோய் இன்னதென்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்பதைச் சொல்ல முடியும். சின்னவனின் அம்மாவுக்கு அதுதான் இப்போது தேவை என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த நாற்காலி. 11 மாதக் குழந்தையை அதில் தனியாகப் படுக்க வைப்பதில்லை. நீங்களும் மருத்துவரும் எதிரெதிரே, முழங்காலும் முழங்காலும் தொடுமளவு நெருங்கி உட்காருவீர்கள். குழந்தை உங்கள் மடியில், உங்கள் முகத்தைப் பார்த்தபடி, இரண்டு கால்களையும் உங்கள் இடுப்பைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்திருப்பான். பிறகு அவனை மெல்லப் பின்னால் சாய்ப்பீர்கள். தலை மட்டும் மருத்துவரின் மடிக்குப் போகும், உடல் உங்களிடமே இருக்கும். அவன் கைகளைப் பிடித்திருப்பது நீங்கள். அண்ணாந்து படுத்த நிலையில் அவன் கண்ணில் படுவதும் உங்கள் முகம்தான். வேறு யாரும் பிடிக்க மாட்டார்கள், உங்களை யாரும் வெளியே அனுப்பவும் மாட்டார்கள். அனுப்புவதாகச் சொன்னால், நான் இங்கேயேதான் இருப்பேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

பார்ப்பதற்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு வெளிச்சம், ஒரு துண்டுத் துணி, ஒரு பிரஷ். பற்கள், ஈறு, நாக்கு, அண்ணம், உதட்டின் உட்பக்கம் எல்லாவற்றையும் பார்ப்போம். ஊசி கிடையாது. விழுந்து அடிபட்டது போன்ற காரணம் இல்லாவிட்டால் எக்ஸ்ரேயும் எடுப்பதில்லை. குழந்தை அழுவான், அது இந்த வயதின் இயல்பு. அழும்போது வாய் அகலத் திறக்கும் என்பதால் எங்களுக்குக் கடைசிப் பல் வரை தெரியும். பரிசோதனை முடிந்து நிமிர்த்தி உங்கள் தோளில் சாய்த்துக்கொண்டால் அழுகை நின்றுவிடும். மீதி நேரம் முழுவதும் உங்களோடு பேசுவதற்குத்தான். முதல் சந்திப்பில் குழந்தைக்குச் செய்வது கொஞ்சம், பெற்றோருக்குச் சொல்லித் தருவதே அதிகம். முதல் பல் முளைத்த 6 மாதத்திற்குள், அல்லது முதல் பிறந்த நாளுக்குள், எது முந்துகிறதோ அதற்குள் வரச் சொல்வது இதனால்தான்.

அடுத்து அந்த வெள்ளைக் கோடு. மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பல்லில் ஒட்டிய படலம். ஈரத்துணிக்கு எளிதில் வராது, அழுத்தித் தேய்த்தால் வரும். இரண்டு, பல் உருவாகும்போதே எனாமலில் ஏற்பட்ட குறை. மூன்று, அமிலத்தால் எனாமலில் உள்ள தாதுக்கள் கரையத் தொடங்கிய அடையாளம். மூன்றாவதாக இருந்தாலும் கலங்க வேண்டாம். குழி விழாத வரை அதைத் திருப்ப முடியும். பழுப்பாகிப் பள்ளம் விழுந்துவிட்டால் பல் தானாக வளர்ந்து அதை மூடாது. அதனால்தான் முந்தைய பதிவில் சகோதரி "இந்த வாரமே" என்று எழுதியதை நானும் வழிமொழிகிறேன்.

மேல் முன்பற்களில் முதலில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. பால் குடிக்கும்போது நாக்கு கீழ்ப் பற்களை மூடிக்கொள்ளும், உமிழ்நீரும் அங்கே ஊறும். மேல் பற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் குறைந்துவிடும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இரவு தூங்கும் முன் பல் துலக்கிவிடுங்கள், பாலுக்குப் பின் மேல் பற்களை ஒருமுறை துடைத்துவிடுங்கள், அவன் வளர வளர இரவில் எழுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் பாருங்கள். புட்டியில் குடிக்கும் குழந்தை என்றால் வேறு மாதிரி பேசுவேன். புட்டியோடு படுக்க வைக்கவே கூடாது.

துலக்குவதைப் பற்றி ஒன்று. பலர் ஃபுளூரைடு (சொத்தையைத் தடுக்கும் தாது) இல்லாத பேஸ்ட்தான் குழந்தைக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். முதல் பல்லிலிருந்தே ஃபுளூரைடு பேஸ்ட்தான் நாங்கள் சொல்வது, 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) உள்ளது. ஆனால் அளவு ஓர் அரிசி மணி. விளம்பரப் படத்தில் பிரஷ் நிறையச் சுருளாகப் பிதுக்குகிறார்களே, அது எந்தக் குழந்தைக்கும் தேவையில்லை. 3 வயதான பிறகு பட்டாணி அளவு. உங்கள் பகுதிக் குடிநீரில் ஃபுளூரைடு அதிகம் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கேற்ப அவர் மாற்றிச் சொல்வார்.

ஒரு வயது மகளின் அப்பாவுக்கு: அந்த ஜெல்லின் உறையில் பென்சோகைன் என்று இருக்கிறதா பாருங்கள், அது மரத்துப்போகச் செய்யும் மருந்து. இருந்தால் தடவ வேண்டாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை அது ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக் கூடும். சுத்தமான விரலால் ஈறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். குளிர்ந்த, உறையாத கடிப்பான் ஒன்றைக் கொடுங்கள். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்ச்சல் அடித்தால் பல் முளைப்பதால் என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பல் முளைப்பது அவ்வளவு காய்ச்சலைத் தராது.

சின்னவனின் அம்மா

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் எழுதியதைக் கணவருக்கும் மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். "உன் மடியில்தான் இருப்பானா?" என்று மாமியார் இரண்டு முறை கேட்டார். வியாழக்கிழமை காலைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். பிரஷ் வைத்தாலே வீறிட்டு அழுகிறான். மேல் பற்களுக்குப் போனால் மட்டும்தான் இப்படி, கீழே ஒன்றும் சொல்வதில்லை. அங்கே வலிக்கிறதா?

குழந்தைப் பல் மருத்துவர்

நல்ல கவனிப்பு. மேலுதட்டையும் ஈறையும் நடுவில் ஒரு மெல்லிய சதை மடிப்பு இணைத்திருக்கும். பிரஷ் அதில் இடித்தால் சுரீரென்று வலிக்கும். உங்கள் ஆள்காட்டி விரலை உதட்டுக்குள் விட்டு அந்த மடிப்பின்மேல் படுக்க வைத்து, உதட்டைத் தூக்கிக்கொண்டு, விரலுக்குக் கீழே பிரஷைச் செலுத்துங்கள். இன்றிரவே செய்து பாருங்கள்.

சின்னவனின் அம்மா

போய்விட்டு வந்தோம். ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், என்னைப் போல யாராவது தேடி வந்தால் உதவும்.

அந்த விரல் உத்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றிரவே செய்தேன். முகத்தைச் சுளித்தான், தலையை ஆட்டினான், ஆனால் வீறிடவில்லை. மூன்று வாரமாக நானே அவன் உதட்டு மடிப்பில் இடித்துக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்ததும் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அறைக்குள் போனதும் நான் முதலில் மோந்து பார்த்தேன். கிராம்புத் தைல வாசனை இல்லை. சோப்பு வாசனைதான். மருத்துவர் ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும். அவனைத் தொடவே இல்லை, பத்து நிமிடம் என்னோடு பேசினார். எத்தனை முறை பால், எதில் குடிக்கிறான், இருமல் மருந்து ஏதாவது அடிக்கடி கொடுக்கிறோமா, அதில் சர்க்கரை இருக்கிறதா, யார் பல் துலக்குகிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அதற்குள் அவன் தரையில் தவழ்ந்து போய் அவருடைய காலணியின் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு இங்கே எழுதியிருந்தபடியே முழங்காலோடு முழங்கால் சேர்த்து உட்கார்ந்தோம். அவன் கால்கள் என் இடுப்பைச் சுற்றியிருந்தன. சாய்த்ததும் என்னையே பார்த்தான், உதடு பிதுங்கியது, அழுதான். நான் அவன் இரண்டு கைகளையும் என் உள்ளங்கைக்குள் வைத்திருந்தேன். என் கை வேர்க்கவில்லை. அதை அப்போது கவனிக்கவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மருத்துவர் ஒரு விரலில் துணியைச் சுற்றி மேல் பல்லை அழுத்தித் துடைத்தார். துணியை என்னிடம் காட்டினார், அதில் வெண்ணெய் நிறத்தில் ஒரு கீற்று. நான் பார்த்த கோட்டில் பெரும்பகுதி அந்தப் படலம்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னும் முடியவில்லை, இங்கே பாருங்கள்" என்று உதட்டை மறுபடி தூக்கி, ஈரத்தை ஒற்றி எடுத்தார். வலது பக்கப் பல் பளபளவென்று இருந்தது. இடது பக்கப் பல்லில் ஈறை ஒட்டி, நகக்கண் விளிம்பளவுக்கு, பளபளப்பில்லாத ஒரு வெள்ளை. ஈரமாக இருக்கும்போது தெரியவே இல்லை, காய்ந்ததும் தெரிந்தது. "இதுதான் தொடக்கம். இந்த நிலையில் நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று" என்றார்.

சின்னத் தூரிகையால் 4 பற்களிலும் ஃபுளூரைடு வார்னிஷ் பூசினார். நகத்துக்குச் சாயம் பூசுவது போலத்தான், சில நொடிகளில் முடிந்துவிட்டது. எச்சில் பட்டதும் இறுகிவிடுமாம். அன்றைக்குப் பல் துலக்க வேண்டாம், மறுநாள் காலையிலிருந்து போதும் என்றார். சாயங்காலம் வரை பற்கள் லேசான மஞ்சளாக இருந்தன. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. 3 மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். பாலை நிறுத்தச் சொல்லவில்லை. நான் கேட்பதற்கு முன்பே, "தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். அந்தப் பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் அவனை மடியில் போட்டுக்கொண்டு, "வா, உன் அரிசிப் பல்லைக் காட்டு" என்கிறார்.

கிளம்பும்போது மருத்துவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சொத்தைப் பல் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு எதற்கு என்றேன். சொத்தையை உண்டாக்கும் கிருமி குழந்தைக்குப் பெரும்பாலும் தாயின் வாயிலிருந்துதான் போகிறதாம். நான் வாயில் வைத்துச் சூடு பார்த்த கரண்டியாலேயே அவனுக்கு ஊட்டுவேன், கீழே விழுந்த சூப்பானை என் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுப்பேன். என் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு வருடமாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. அந்தப் பக்கம் மெல்லாமலே பழகிவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன்.

என் பல்லுக்கு வரும் செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்களைப் பார்க்கும் அறை அடுத்ததுதான்.

இரண்டு பிள்ளைகளின் தாய்

வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன், சகோதரி. அந்தத் துணியில் வந்த கீற்றை நானும் பார்த்தது போலவே இருந்தது. என் மகளுக்கு மேல் முன்பல் ஒன்று போன மாதம் முளைத்திருக்கிறது, நிரந்தரப் பல். ரம்பம் போல ஓரம் வெட்டி வெட்டி இருக்கிறது, புதுப் பல் அப்படித்தான் இருக்குமாம். தினமும் அதை நாக்கால் தடவிப் பார்க்கிறாள்.

செவ்வாய்க்கிழமை உங்கள் கையை யார் பிடித்துக்கொள்கிறார்கள்?

சின்னவனின் அம்மா

மாமியார் வருகிறேன் என்றிருக்கிறார். அவனை என் கணவரிடம் விட்டுவிட்டு, என்னோடு உள்ளே வந்து உட்காருகிறாராம்.